விடைபெறும் ஃபுட்டி வீரரின் உழைப்பையும் சம்பளத்தையும் கணக்குப் பார்ப்பது எப்படி

பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகளால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட வீடுகளிலும், ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தின் தலைமை லீகான ஏ.எஃப்.எல். பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெர்த் ஆட்டம் நம் கடிகாரத்திலேயே நடக்கிறது. குளிர்காலத்தில் மெல்பர்ன் நமக்கு 2 மணி நேரம் முன்னால். அதனால் அங்கே பிற்பகல் 2.30க்குத் தொடங்கும் இறுதியாட்டம் நமக்கு 12.30. பருவம் முடிந்து அக்டோபரில் வீரர்கள் அணி மாறும் காலம் வந்தால், ஒட்டுக்கடை மேசையில் ஒரு கேள்வி கட்டாயம் விழும்: "இவனுக்குப் போய் ஒரு மில்லியனா, அண்ணே?" அதற்கு நியாயமாகப் பதில் சொல்வதற்கான வழிமுறை இது. தேவையானவை ஒரு கோடு போட்ட நோட்டு, கைப்பேசியில் கால்குலேட்டர், ஆட்ட விவரங்களுக்கு ஏ.எஃப்.எல். டேபிள்ஸ் இணையத்தளம். ஒரு வீரருக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

முதலில், எப்படிப் போகிறார்?

நோட்டின் முதல் வரியில் இதை எழுதாமல் மேலே போகாதீர்கள். ஓய்வு பெறுகிறாரா, வேறு அணிக்குக் கைமாற்றப்படுகிறாரா, ஒப்பந்தம் முடிந்து தானே அணி தேடும் ஃப்ரீ ஏஜெண்டாகப் போகிறாரா என்பதைப் பொறுத்துக் கணக்கே மாறும்.

ஃப்ரீ ஏஜென்சி 2012இல் வந்தது. ஒரே அணியில் 8 பருவம் இருந்து, அந்த அணியின் சம்பளப் பட்டியலில் மேல் கால் பங்கில் இருப்பவர் கட்டுப்பாட்டுள்ள ஃப்ரீ ஏஜெண்ட். வெளியிலிருந்து வரும் தொகைக்குப் பழைய அணி ஈடு கொடுத்தால் அவரைத் தடுத்து நிறுத்தலாம். 8 பருவம் முடித்துக் குறைவாக வாங்குபவரையும் 10 பருவம் கடந்தவரையும் அப்படித் தடுக்க முடியாது. வீரரை இழந்த அணிக்கு, அவருடைய வயதையும் புது ஒப்பந்தத்தின் அளவையும் பார்த்து, லீக் ஒரு டிராஃப்ட் தேர்வை, அதாவது புது இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை, இழப்பீடாகத் தரலாம். அதையும் வரவுப் பக்கத்தில் எழுத வேண்டும்.

கைமாற்றத்தில் ஒரு பொறி உண்டு. போன பிறகும் பழைய அணி சம்பளத்தில் ஒரு பகுதியைக் கட்டிக்கொண்டிருக்கலாம். 2022 முடிவில் பிராடி கிரண்டி காலிங்வுட்டிலிருந்து மெல்பர்ன் அணிக்குப் போனபோது அப்படித்தான் நடந்தது. "போய்விட்டார், பணம் மிச்சம்" என்று எழுதும் முன் இதைச் சரிபாருங்கள்.

சம்பளத்தை எப்படி அளப்பது?

தனி வீரரின் சம்பளத்தை ஏ.எஃப்.எல். வெளியிடுவதில்லை. எந்தச் சம்பள அடுக்கில் எத்தனை பேர் என்பதை மட்டும் ஆண்டறிக்கையில் சொல்கிறது. நாளிதழில் வருவது மதிப்பீடுதான். அதனால் தொகைக்குப் பக்கத்தில் "செய்தி" என்று குறித்துவையுங்கள். இரண்டு செய்தியில் இரண்டு தொகை வந்தால் இரண்டையும் எழுதி, கணக்கையும் இரண்டு முறை போடுங்கள். நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பிறகு அதுவே உண்மை போல நின்றுவிடும்.

அடுத்து, மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) மாற்றாதீர்கள். ஆஸ்திரேலிய டாலரை ஏறத்தாழ மூன்றால் பெருக்கியதும் தொகை பூதாகரமாகத் தெரியும். செம்பனைக் காட்டில் வெயிலில் நிற்கிறவருக்கு எந்த வீரரின் சம்பளமும் அநியாயமாகத்தான் படும். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் வீரர் அந்த அணிக்கு என்ன செய்தார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

ஒவ்வொரு அணிக்கும் ஆண்டுதோறும் ஊதிய வரம்பு உண்டு. ஒருவருக்குக் கொடுத்த டாலர் இன்னொருவருக்குக் கிடைக்காது. ஆகவே சம்பளத்தை அந்தந்த ஆண்டு வரம்பின் விழுக்காடாக மாற்றுங்கள். வரம்பு 10 மில்லியனாக இருந்தால் 1 மில்லியன் என்பது 10 விழுக்காடு. வரம்பு 15 மில்லியனுக்கு ஏறினால் அதே 1 மில்லியன் 6.7 விழுக்காடுதான். அணிப் பட்டியலில் ஏறத்தாழ 40 பேர் என்று வைத்தால் சரிசமப் பங்கு 2.5 விழுக்காடு. முதல் கணக்கில் அவர் நான்கு பேர் பங்கை எடுக்கிறார். இரண்டாவதில் மூன்று பேர் பங்குகூட இல்லை. நீண்ட ஒப்பந்தங்களைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள், தொடக்கத்தில் கேட்ட தொகையை இன்றைய வரம்போடு ஒப்பிடுவதால் அல்லது அதற்கு நேர்மாறாகச் செய்வதால் வருகின்றன.

எல்லா ஆண்டும் ஒரே தொகை வராது. வரம்பில் இடம் இருக்கும் ஆண்டில் அணி முன்கூட்டியே அதிகம் கொடுக்கும். நெருக்கடி என்றால் பின்னால் தள்ளும். 33 வயதில் வாங்கும் பெருந்தொகை 27 வயதில் ஆடியதற்கான பாக்கியாக இருக்கலாம். பிரிவு தெரியவில்லை என்றால் மொத்தத்தை ஆண்டுகளால் வகுத்து "சராசரி" என்று எழுதுங்கள். கடைசி ஆண்டை மட்டும் பிடித்து அடிக்காதீர்கள்.

தோட்டத்துச் செக்ரோல் (கூலிப் பதிவேடு) பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிது. நாள் சம்பளம் ஒரு பக்கம், கிலோவுக்குக் கிடைக்கும் மேல்காசு இன்னொரு பக்கம் என்று பிரித்து எழுதுவது போல, ஃபுட்டி ஒப்பந்தத்திலும் அடிப்படைத் தொகையும் ஆடும் ஆட்டங்களைப் பொறுத்த தொகையும் தனித்தனியாக இருக்கலாம். காயத்தால் உட்கார்ந்த ஆண்டில் அவர் முழுத் தொகையையும் வாங்கினார் என்று அடித்துச் சொல்ல முடியாது.

எத்தனை ஆட்டம், எத்தனைக்கு?

"150 ஆட்டம் ஆடினார்" என்பது பாதிக் கணக்கு. அவர் ஆடியிருக்கக்கூடிய ஆட்டங்கள் எத்தனை என்பது கீழே வர வேண்டும். இறுதிச் சுற்றுக்கு முந்திய ஆட்டங்கள் 2019 வரை பருவத்துக்கு 22, பெருந்தொற்று ஆண்டான 2020இல் 17, 2021இலும் 2022இலும் மறுபடி 22, 2023 முதல் 23. 2017 முதல் 2023 வரையிலான ஏழாண்டு ஒப்பந்தம் என்றால் 66, 17, 44, 23 ஆகியவற்றைக் கூட்டி 150. அதில் 120 ஆடியிருந்தால் 80 விழுக்காடு. இறுதிச் சுற்று ஆட்டங்களைத் தனி வரியில் எழுதுங்கள். அவற்றையும் சேர்த்தால் பலமான அணியில் இருந்தவருக்குச் சும்மா கூடிவிடும்.

2020இல் கால் பகுதி ஆட்டம் 20 நிமிடத்திலிருந்து 16 ஆகக் குறைக்கப்பட்டது. அந்த ஆண்டின் சராசரிகளை 1.25ஆல் பெருக்காமல் மற்ற ஆண்டுகளோடு வைத்தால், அந்தப் பருவத்தில் எல்லாருமே தளர்ந்துபோன மாதிரித் தெரியும்.

காயத்தையும் மனநலத்துக்காக எடுத்த விடுப்பையும் "ஆடவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். அதைச் சோம்பல் என்று படிப்பது தவறு, கொடுமையும்கூட. விலையை வைத்தது அணி. ஒப்பந்தத்தை நீட்டியதும் அணி. அது தவறான முடிவென்றால் அந்தக் குறை நிர்வாகத்தின் பக்கத்தில் போக வேண்டும்.

வேலைக்கு ஏற்ற அளவுகோல்

பந்தைத் தொட்ட எண்ணிக்கையை வைத்து எல்லாரையும் அளப்பதுதான் மேசையில் நடக்கும் பெரிய பிழை. நடுக்கள வீரருக்கு ஓர் ஆட்டத்தில் 30 முறை கிடைப்பது நல்ல நாள். ஆனால் அந்த 30இல் பாதி கையால் குத்திப் பின்னோக்கிக் கொடுத்த பந்தாக இருந்தால் எதிரணிக்கு வலிக்காது. அவருக்குப் பார்க்க வேண்டியவை மோதலில் வென்ற பந்து, கூட்டத்திலிருந்து வெளியே எடுத்த கிளியரன்ஸ், 50 மீட்டர் கோட்டுக்குள் அனுப்பியவை, புள்ளியில் முடிந்த நகர்வுகளில் அவர் பங்கு.

முன்கள உயரக்காரருக்குக் கோலும் குறி தவறாமையும். கோலுக்கு 6, நடுக் கம்பங்களுக்கு வெளியே பக்கக் கம்பத்துக்குள் போகும் பிஹைண்டுக்கு 1. மூன்று கோல் மட்டும் அடித்தவர் 18 புள்ளி தருகிறார். ஒரு கோலும் ஐந்து பிஹைண்டும் அடித்தவர் 11தான், இத்தனைக்கும் இரட்டிப்பு வாய்ப்பு கிடைத்தும். தடுப்பாட்டக்காரருக்கு அவர் தட்டிவிட்ட பந்துகளையும் இடைமறித்துப் பிடித்தவற்றையும், அவர் காவல் காத்த ஆள் அன்று எத்தனை கோல் அடித்தார் என்பதையும் பாருங்கள். எதிரணி நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டே ஓடும் டாக்கருக்கு அவருடைய சொந்த எண்களைப் பார்க்கவே வேண்டாம்; அந்த நட்சத்திரத்தின் எண்களைப் பாருங்கள்.

வாக்குகளையும் ஒரு வரியில் சேருங்கள். பருவத்தின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்துக்கு நடுவர்கள் ஆட்டத்துக்கு 3, 2, 1 என்று தருகிறார்கள். அது நடுக்கள வீரர்கள் பக்கம் சாயும். இரு அணிப் பயிற்றுநர்களும் ஆளுக்கு 5 முதல் 1 வரை தரும் வாக்கு, தடுப்பாட்டக்காரருக்குக் கொஞ்சம் நியாயமாக இருக்கும்.

ஒரே பந்தில் இரண்டு ஒப்பந்தம்

வகுத்தல் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்பதைப் பார்க்க 2016 இறுதியாட்டத்தை விடச் சிறந்த இடமில்லை. சிட்னி பக்கம் லான்ஸ் ஃபிராங்க்லின்: 2013 முடிவில் ஹாத்தோர்னை விட்டு ஒன்பதாண்டுக்கு 10 மில்லியன் டாலர் என்று சொல்லப்பட்ட ஒப்பந்தத்தில் வந்தவர். வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பக்கம் டாம் பாய்ட்: 2014 முடிவில் ஏழாண்டுக்கு ஏறத்தாழ 7 மில்லியன் என்று செய்தியில் வந்த இளைஞர்.

கடைசிக் கால் பகுதியில் ஃபிராங்க்லின் பந்தோடு திரும்ப, டேல் மோரிஸ் அவரைப் பிடித்துச் சாய்த்தார். சிதறிய பந்து பாய்ட்டிடம் போனது. தூரத்திலிருந்து அவர் உதைத்தது, ஆளில்லாத கோல் வாயில் குதித்து உள்ளே போனது. அன்று பாய்ட்டின் மூன்றாவது கோல் அது. புல்டாக்ஸ் 22 புள்ளியில் வென்றது. 1954க்குப் பிறகு அந்த அணிக்குக் கிடைத்த முதல் கிண்ணம். ரூக்கி எனப்படும் புதுமுகத் துணைப் பட்டியல் வழியாக வந்த மோரிஸின் கணக்கில் அந்தக் கணத்துக்கு விழுந்தது ஒரு டேக்கிள், அவ்வளவுதான்.

இப்போது வகுத்துப் பாருங்கள். பாய்ட் புல்டாக்ஸுக்கு ஆடியது 52 ஆட்டம். ஆண்டுக்கு 1 மில்லியன் சராசரி என்று வைத்து 2015 முதல் 2018 வரை நான்கு பருவத்தை எடுத்தால், ஆட்டத்துக்கு ஏறத்தாழ 77,000 டாலர். காகிதத்தில் படுநட்டம். 2017இல் மனச்சோர்வுக்காக ஆட்டத்தை விட்டு விலகியிருந்தார். 2019 மே மாதம் 23 வயதில் ஓய்வு பெற்றபோது மீதி ஒப்பந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தார். 62 ஆண்டு காத்திருந்த ஊரிடம் அந்த மூன்று கோலின் விலையைக் கேட்டால் 77,000 என்ற எண் நிற்காது. அதனால்தான் நோட்டில் இறுதிச் சுற்றுக்குத் தனிப் பக்கம் வேண்டும்.

ஃபிராங்க்லின் கணக்கில் வேறொரு சிக்கல். சிட்னிக்கு 172 ஆட்டத்தில் 486 கோல். 10 மில்லியனை நேராக 172ஆல் வகுக்காதீர்கள். ஒன்பதாண்டு ஒப்பந்தம் 2022இல் முடிந்துவிட்டது. 2023இல் ஆடியது தனி ஓராண்டு ஒப்பந்தம். அந்த ஆட்டங்களைக் கழித்த பிறகே வகுக்க வேண்டும். காயத்தால் 2020இல் ஓர் ஆட்டமும் இல்லை என்பதையும் குறியுங்கள். அவர் வந்த காலத்தில் சிட்னிக்கு வாழ்க்கைச் செலவுப் படியாக வரம்புக்கு மேல் 9.8 விழுக்காடு இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. ஆகவே விழுக்காடு போடும்போது எல்லா அணிக்கும் அன்று ஒரே வரம்பு என்று எடுக்கக்கூடாது. சிட்னியில் அவருக்குக் கிண்ணம் கிடைக்கவில்லை. ஆனால் 2022 மார்ச்சில் தன் 1,000ஆவது கோலை அடித்தபோது கூட்டம் திடலுக்குள் இறங்கி அவரைச் சூழ்ந்துகொண்டது. அந்த மகிழ்ச்சி ஒப்பந்தம் வாங்கித் தந்த பொருள்தான், எண் போட முடியாவிட்டாலும் ஒரு வரி எழுதுங்கள்.

அவரை இழந்த ஹாத்தோர்ன் 2014 இறுதியில் அதே ஃபிராங்க்லின் நான்கு கோல் அடித்த சிட்னியை 63 புள்ளியில் வென்றது, 2015லும் கிண்ணம் எடுத்தது. போகிறவரைத் துரோகி என்று பேசத் தொடங்கும் தம்பிமாருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ஒருவர் பங்கு காலியானால் அது நான்கு பேருக்குச் சம்பளமாகும்.

மேசையில் உட்காரும்போது

எண்களை ஒருவர் மட்டும் படிக்கட்டும். மற்றவர்கள் கைப்பேசியை மூடிவைக்கட்டும். முதலில் ஆட்டம், பிறகு சம்பளம். சம்பளத்தை முதலில் சொன்னால் அதற்குப் பிறகு யாரும் ஆட்டத்தைப் பேசுவதில்லை. ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்தின் பெயரையும் அதில் அவர் செய்த ஒன்றையும் சொல்ல வேண்டும். "நல்லா ஆடுவான்" என்பது செல்லாது. மூத்தவர்கள் கடைசியில் பேசினால் நல்லது. பெரியப்பா தீர்ப்புச் சொன்ன பிறகு இளையவர்கள் மாற்றுக் கருத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

முடிவில் மூன்று வரி எழுதுங்கள்: வரம்பில் எடுத்த சராசரி விழுக்காடு, ஆடிய விழுக்காடு, பெரிய நாட்களில் செய்தவை. மூன்றையும் ஒரே மதிப்பெண்ணாகக் கூட்டாதீர்கள். 2017, 2019, 2020 மூன்று இறுதியிலும் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கிய டஸ்டின் மார்ட்டினை ஒற்றை மதிப்பெண்ணில் அடைத்தால், காயத்தில் போன பிற்காலம் அந்த மூன்று நாட்களைத் தின்றுவிடும்.

இழப்பீடாகவோ கைமாற்றத்திலோ டிராஃப்ட் தேர்வு வந்திருந்தால் கணக்கை அன்றே மூடாதீர்கள். அதில் வரும் பையனுக்குப் பெரும்பாலும் 18 வயதுதான். உடம்பு தேறி நிலையாக ஆட இரண்டு மூன்று பருவம் ஆகும். நோட்டில் அடுத்த பக்கத்தின் தலைப்பில் போனவர் பெயரையும் தேர்வு எண்ணையும் எழுதி, பருவத்துக்கு ஒரு வரியாக மூன்று வரிகளைக் காலியாக விட்டுவையுங்கள். அந்தத் தேர்வு வேறு அணிக்கு விற்கப்பட்டால், அதற்கு மாற்றாக வந்தவரின் பெயரை அதே வரியில் அம்புக்குறி போட்டு எழுதிக்கொள்ளலாம்.