கல்லீரல் அறுவைக்குப் பிறகு: பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள்

கல்லீரல் அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்கு அன்பின் பெயரால் நடக்கும் பெரிய கெடுதல், சாப்பாட்டைக் குறைப்பதுதான். 'கல்லீரலுக்கு ஓய்வு வேண்டும்' என்று தெளிந்த சாறும் ரொட்டியுமாக நாட்களை ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததுமே மிச்சமிருக்கும் கல்லீரல் வளரத் தொடங்கிவிடுகிறது. அதற்கு வேண்டிய சத்து உணவில் வராவிட்டால், உடல் தன் தசையையே கரைத்துக்கொள்ளும்.

மருத்துவமனையில் டிரிப் ஏறுகிறதே என்று நிம்மதி அடைவதும் தவறு. 5 சதவீத குளுக்கோஸ் அரை லிட்டர் ஏற்றினால் உடலுக்குச் சேர்வது 25 கிராம் சர்க்கரை, அதாவது ஏறக்குறைய 100 கலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 1,800 கலோரி. மருத்துவர் அனுமதித்தவுடன் வாய்வழி உணவைத் தொடங்குவதே நல்லது.

அதிகம் அஞ்சப்படுவது புரதம். கல்லீரல் நோயால் மனக்குழப்பம் வந்தவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. இன்றைய வழிகாட்டுதல்கள் அதைக் கைவிட்டுவிட்டன. பழைய பயம் மட்டும் வீடுகளில் தங்கிவிட்டது. பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் அளவு, ஒரு நாளைக்குக் கிலோ எடைக்கு 1.2 முதல் 1.5 கிராம். அதே 60 கிலோ மனிதருக்குக் கணக்குப் போட்டால் 72 முதல் 90 கிராம் வருகிறது. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. காலையில் ஒரு முட்டை கொடுத்துவிட்டு 'புரதம் கொடுத்தாயிற்று' என்று நினைத்தால் எப்படிப் போதும்? பருப்பு, பால், மீன், முட்டை என்று வேளைதோறும் பிரித்துக் கொடுக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரவை யாரும் கவனிப்பதில்லை. கல்லீரல் சுருங்கி இறுகிப்போன சிரோசிஸ் நோயாளிக்கு ஓர் இரவுப் பட்டினி, நலமாக இருப்பவர் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடப்பதற்குச் சமம். சர்க்கரையைச் சேமித்து வைக்கும் திறன் அந்தக் கல்லீரலில் குறைந்துபோயிருப்பதே காரணம். படுக்கப் போகுமுன் மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும் சேர்ந்த சிற்றுணவு அவசியம்.

எடை கூடியதும் உடம்பு தேறிவிட்டதாக மகிழாதீர்கள். வயிற்றில் நீர் கோத்தாலும் எடை ஏறும். அந்த நேரத்தில் தோளும் தொடையும் மெலிந்துகொண்டே போகலாம். நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்காக அறவே நிறுத்தினால் சாப்பாடு வாய்க்குப் பிடிக்காமல் அளவே சுருங்கிவிடும்.

'கல்லீரலைச் சுத்தம் செய்யும்' மூலிகைப் பொடிகளைத் தொடவே வேண்டாம். அவற்றில் சில கல்லீரலையே தாக்கக்கூடியவை. மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் காய்ச்சாத பாலையும் வேகாத முட்டை, இறைச்சியையும் ஒதுக்க வேண்டும். புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ் மாத்திரை எடுப்பவர்களுக்கு, ஆரஞ்சு இனத்தைச் சேர்ந்த கிரேப்ஃபுரூட் பழம் ஆகாது. மருந்தின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும்.

சில நாட்களாகவே பாதிச் சாப்பாடுகூட இறங்கவில்லை என்றால், பசி தானாக வரட்டும் என்று காத்திருக்காமல் உணவியல் நிபுணரிடம் சொல்லுங்கள். ஊட்டச்சத்துப் பானமோ, மூக்குவழிக் குழாய் உணவோ அவர்கள் பரிந்துரைத்தால் மறுக்காதீர்கள்.