பாதி தார், பாதி ஜல்லி: அட்வென்ச்சர் பைக்குக்கு டயர் எப்படி எடுக்கிறது?

ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், 390 அட்வென்ச்சர் இப்படி எதையாவது வாங்கி, கூட வந்த டயர் தேய ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் வர்ற சந்தேகம், அடுத்து என்ன போடலாம்? நெட்ல தேடினா பெரிய பெரிய கட்டை வச்ச பட்டன் டயர் போட்டோ தான் மொதல்ல வந்து நிக்கும், பைக்குக்கு செம லுக் குடுக்கும், உடனே ஆர்டர் போட கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்க, முதல்ல கணக்கு போடுவோம்.

ஸ்டெப் 1: எங்க ஓட்டுறீங்கன்னு உண்மையா எழுதுங்க

ஆசைப்படுற ரோட்டை எழுதாதீங்க, ஓட்டுற ரோட்டை எழுதுங்க. ஹிமாச்சல் மலைல இருக்கிற ஸ்பிட்டி பள்ளத்தாக்குக்கு போறதுக்குன்னே டயர் மாத்துறவங்க நிறைய பேர், அதையே எடுத்துக்குவோம். சென்னையில இருந்து, அங்க போற வழில இருக்கிற மணாலி வரைக்கும் ஒரு பக்கமே 2,500 கிலோமீட்டருக்கு மேல, கிட்டத்தட்ட எல்லாமே தார், அதுலயும் பெரும்பகுதி நால்வழிச்சாலை. நிஜமான சோதனை கிராம்பூ தாண்டி, குன்சும் பாஸ் ஏறி லோசர் இறங்குற வரைக்கும், உருண்டைக் கல்லு, ரோட்டுக்கு குறுக்க ஓடுற தண்ணி, மணல்னு. அது நூறு கிலோமீட்டருக்குள்ள முடிஞ்சிடும். அந்த நூறுக்காக 5,000 கிலோமீட்டரை பட்டன் டயர்ல ஓட்டணுமாங்கிறது தான் கேள்வி. பைக்கை ரயில்ல ஏத்தி அனுப்பி அங்க போய் ஓட்டுறீங்கன்னா கணக்கே வேற, அப்ப தாராளமா கட்டை டயர் போடலாம்.

ஊர்லயே ஓட்டுறவங்களுக்கும் இதே கதை தான். ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுற 40 கொண்டை ஊசி வளைவும் தார், மேல போன பிறகு தான் எஸ்டேட் பக்கம் கரடுமுரடு ரோடு கிடைக்கும். மழைல அந்த வளைவுல வண்டி வழுக்காம நிக்குறது தான் முக்கியம்.

ஸ்டெப் 2: 80/20, 50/50 இதெல்லாம் என்ன?

டயர் எதுக்கு எத்தனை சதவீதம்னு சொல்றது, முதல் நம்பர் தார், ரெண்டாவது மண்ணு. இதுக்குன்னு பொதுவான டெஸ்ட் எதுவும் கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தானே சொல்லிக்கிறது, அதனால ஒரு குறிப்பா மட்டும் வச்சுக்கோங்க. மெட்ஸெலர் டூரன்ஸ் மாதிரி டயர் தார் பக்கம் சாஞ்சது, கான்டினென்டல் டிகேசி 80 மண்ணு பக்கம், பிரெல்லி ஸ்கார்பியன் ராலி எஸ்டிஆர் நடுவுல.

வித்தியாசம் எங்க வருதுன்னா, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளில. ஜல்லில கட்டை கல்லுக்குள்ள இறங்கி பிடிக்கும், சேறு அந்த இடைவெளி வழியா வெளிய போயிடும். அதே டயர் தார்ல வந்தா ரோட்டைத் தொடுற ரப்பர் கம்மி, வேகமா வளைக்கும்போது உயரமான கட்டை அழிரப்பர் மாதிரி நெளியும், ஈர ரோட்டுல பிரேக் போட்டா நிக்க கூடுதல் தூரம் எடுக்கும், 80க்கு மேல போனா ஒரு ஊளை சத்தம் வேற, ஹைவேலயே ஓட்டினா நடுப்பகுதி சீக்கிரம் தேஞ்சிடும். என்னைக் கேட்டா, புதுசா ஓட்டுறவங்க நூத்துக்கு எண்பது பேருக்கு 80/20 பக்கம் இருக்கிற டயரே போதும். ஜல்லில கொஞ்சம் மெதுவா போயிக்கலாம், லாரிக்கு பின்னாடி ஈர தார்ல அப்படி சமாளிக்க முடியாது.

நடுவுல ஒரு வழி இருக்கு, முன்னாடி கொஞ்சம் கட்டை வச்சது, பின்னாடி தார் டயர். ஜல்லில முன் சக்கரம் வழுக்கினா தான் நேரா கீழ, பின் சக்கரம் ஆடினா பெரும்பாலும் சமாளிச்சிடலாம். பின் டயர் தான் சீக்கிரம் தேயும்ங்கிறதால காசும் மிச்சம். ஆனா ரேடியல், பயாஸ்னு டயர் உள்ள நூல் அடுக்குற விதம் ரெண்டு இருக்கு, முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணுன்னு உங்க இஷ்டத்துக்கு கலக்காதீங்க, வண்டி மேனுவல் என்ன சொல்லுதோ அதான்.

ஸ்டெப் 3: டயர் ஓரத்துல இருக்கிறதை படிங்க

குனிஞ்சு பாருங்க. ஹிமாலயன் 411 பின் டயர்ல 120/90-17னு இருக்கும். அகலம் 120 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்துல 90 சதவீதம், ரிம் 17 இன்ச். எக்ஸ்பல்ஸ் 200க்கு முன்னாடி ஹிமாலயன் மாதிரியே 90/90-21 தான், பின்னாடி 120/80-18, அதனால நண்பர் தன்னோட ஹிமாலயன்ல கழட்டி வச்ச பின் டயர் சும்மா கிடைக்குதுன்னு ஆசைப்பட்டா ரிம்ல ஏறாது.

பக்கத்துல 64 எஸ்னு இருந்தா, 64ங்கிறது அந்த டயர் 280 கிலோ தாங்கும்னு, எஸ்ங்கிறது 180 கிலோமீட்டர் வேகம் வரைக்கும்னு. வண்டியே 200 கிலோ கிட்ட, மேல ஆள், பின்னாடி ஆள், சேடில் பேக்னு ஏத்துறவங்க கம்பெனி குடுத்ததை விட இந்த நம்பர் குறையாம பாத்துக்கோங்க. அப்புறம் டிஓடின்னு ஆரம்பிக்கிற எழுத்து வரிசை கடைசில நாலு இலக்கம் இருக்கும், 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம் செஞ்சது. ஆஃபர்ல குடுக்கிறாங்கன்னா இதைப் பாக்காம வாங்காதீங்க, வருஷக்கணக்கா கடைல கிடந்த ரப்பர் இறுகியிருக்கும்.

அகலம் கூட்டுற ஆசை வேண்டாம். 120 போட்ட ரிம்ல 140 திணிச்சா டயர் வடிவமே மாறும், செயின்லயோ, பின் சக்கரத்தைத் தாங்குற ஸ்விங் ஆர்ம்லயோ உரசவும் வாய்ப்பிருக்கு.

ஸ்டெப் 4: டியூப் விஷயம்

சாதாரண ஸ்போக் ரிம்னா டியூப் தான். டியூப்லெஸ் டயரை டியூப் வச்சு ஓட்டலாம், டியூப் டைப் டயரை டியூப் இல்லாம ஓட்டக்கூடாது. புது டயருக்கு பழைய டியூபையே போட்டு மிச்சம் பிடிக்காதீங்க.

ஸ்டெப் 5: மாட்டும்போது பக்கத்துல நில்லுங்க

டயர்ல சுத்துற திசைக்கு அம்புக்குறி இருக்கும், கடைக்காரர் அவசரத்துல திருப்பி மாட்டிடுவார், முன்னாடியே காட்டிடுங்க. மஞ்சப் புள்ளி இருந்தா அது வால்வு கிட்ட வரணும். காத்து அடிச்சதும் ரிம் ஓரமா டயர்ல ஒரு மெல்லிசு கோடு தெரியும், சுத்தி ஒரே அளவுல தெரியணும், ஒரு இடத்துல உள்ள போயிருந்தா டயர் சரியா உக்காரல, காத்தை இறக்கி சோப்புத் தண்ணி தடவி திரும்ப அடிக்கச் சொல்லுங்க. புது டயர் மேல வழவழப்பு இருக்கும், முதல் 150, 200 கிலோமீட்டர் சாய்க்காம மெதுவா போங்க.

ஸ்டெப் 6: காத்து

டயர் எதுன்னு மண்டைய உடைக்கிறவங்க இதை கண்டுக்கிறதே இல்ல. தார்ல மேனுவல்ல போட்ட அளவு. ஜல்லி ஆரம்பிச்சதும் ரெண்டு சக்கரத்துலயும் 3, 4 பிஎஸ்ஐ இறக்குங்க, அதே டயர் வேற டயர் மாதிரி பிடிக்கும். டியூப் வண்டில அதுக்கும் கீழ போனா கல்லுல அடிபடும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல டியூப் நசுங்கி ரெண்டு ஓட்டை விழும். திரும்ப தார் வந்ததும் ஏத்தணும், அதனால சின்ன பம்ப் கண்டிப்பா வேணும்.

மலைக்குப் போறவங்களுக்கு இன்னொண்ணு. மேல ஏற ஏற வெளிக் காத்தழுத்தம் குறையும், சமவெளில 32 வச்ச டயர் 4,500 மீட்டர்ல, சூடு மாறலைன்னா, 38 கிட்ட காட்டும். மேல குளிர் இருக்கிறதால அந்த ஏத்தத்துல பாதி அடிபட்டுப் போகும், அதனால இவ்வளவு கூடும்னு மனக்கணக்கு போடாம மேல போய் அளந்து பாத்து இறக்குங்க, இறங்கி வந்ததும் மறுபடி அளங்க. பங்க்ல இருக்கிற கேஜ் ஒண்ணு சொல்றதை இன்னொண்ணு சொல்லாது, சொந்தமா ஒரு சின்ன கேஜ் வாங்கி டேங்க் பேக்ல போட்டுக்கிட்டு, காலைல வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி டயர் ஆறியிருக்கும்போதே பாத்துடுங்க.