பிஎஸ்ஏ 4-ஐத் தாண்டினால் முதலில் என்ன பார்ப்பது?

காரைக்குடியில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பதும் ரிப்போர்ட் கொடுப்பதும் என் வேலை. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை செக்கப்புக்குப் பணம் கட்டிவிடுவார். இங்கே அப்பச்சி வந்து கையை நீட்டுவார். சர்க்கரை, கொழுப்பெல்லாம் அவருக்கே அத்துப்படி. கடைசிப் பக்கத்தில் ‘டோட்டல் பிஎஸ்ஏ 5.2’ என்று தடித்த எழுத்தில் பார்த்ததும்தான் குரல் இறங்கும்: “ஏம்ப்பா, இது கேன்சரா?”

அந்த எண்ணை மட்டும் வைத்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியின் புரதம் ரத்தத்தில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைத்தான் பிஎஸ்ஏ பரிசோதனை அளக்கிறது. வயதாக ஆகச் சுரப்பி வீங்கும், எண்ணும் ஏறும். 4-லிருந்து 10-க்குள் வருபவர்களில் ஏறக்குறைய நாலு பேரில் ஒருவருக்குத்தான் புற்றுநோய் இருக்கும். 10-க்கு மேல் போனால் சந்தேகம் கூடும். அதே சமயம், 45 வயதில் 3.5 வந்தால் ‘4-க்குள்தானே’ என்று விடக் கூடாது. அந்த வயதுக்கு அது அதிகம்.

அடுத்து, ரத்தம் கொடுத்த நாளுக்கு முன்னால் என்ன நடந்தது என்று பாருங்கள். நீர்க்கடுப்போ கிருமித் தொற்றோ இருந்திருந்தால் எண் எகிறும். குணமாகி ஆறு முதல் எட்டு வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டு நாள் முன்பிருந்தே தாம்பத்தியமும் நெடுந்தூர சைக்கிளும் வேண்டாம். (இதை வரவேற்பில் சத்தமாகச் சொல்ல முடியாது, தனியே அழைத்துத்தான் சொல்வேன்.) இதற்கு மட்டுமென்றால் வெறும் வயிறு தேவையில்லை, இட்லி சாப்பிட்டே வரலாம்.

பலரும் சொல்லாமல் விடுவது மாத்திரையைத்தான். “சிறுநீர் சரியாப் போக ஒண்ணு போடுறேன்” என்பார்கள். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுக்கச் சொல்லிப் பெயரைப் படிப்பேன். டாம்சுலோசின் மட்டுமென்றால் கவலையில்லை. கூடவே டூட்டாஸ்டெரைடு இருந்தாலோ, ஃபினாஸ்டெரைடு என்றிருந்தாலோ கதை வேறு. ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் அவை பிஎஸ்ஏவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்றால் டாக்டர் அதை 6 என்றுதான் எடுத்துக்கொள்வார். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள்.

அப்பாவுக்கோ உடன்பிறந்தவருக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருந்தால் 45 வயதுக்குள்ளேயே டாக்டரிடம் பேசிவிடுங்கள். 70 தாண்டியவர்களுக்கு, தொந்தரவு எதுவும் இல்லாதபோது, இந்தப் பரிசோதனை பொதுவாக வேண்டாம் என்பார்கள். பேக்கேஜில் இருக்கிறதே என்று எடுக்காமல் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபரிசோதனையை அதே லேபில் செய்யுங்கள். மெஷின் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும். அப்போதும் அதிகமென்றால் யூராலஜிஸ்ட்டிடம் (சிறுநீர்ப்பாதை டாக்டர்) போகலாம். எடுத்தவுடன் சதை எடுக்க மாட்டார்கள். ஃப்ரீ பிஎஸ்ஏ (ரத்தத்தில் வேறு புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் பிஎஸ்ஏ), எம்ஆர்ஐ ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் பயாப்ஸி தேவையா என்று முடிவு செய்வார்கள். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.