வைஃபை ரூட்டர் வாங்கறப்போ நம்ம ஏரியாவுல அடிக்கடி பண்ற தப்புங்க

வட சென்னையில ராயபுரம், தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை பக்கம் வீடுங்க எப்படி இருக்கும்னு நான் சொல்லித் தெரிய வேணாம். வாசல் அகலம் கொஞ்சம்தான், உள்ள போனா ஹாலு, ரூமு, அடுத்த ரூமு, கிச்சன்னு ரயில் பொட்டி மாதிரி பின்னாடி போய்ட்டே இருக்கும். ஃபைபர் போட வர்ற பையன் வாசல்ல ஈபி மீட்டர் பக்கத்துலயே ட்ரில் போட்டு வைஃபையும் சேந்து வர்ற பாக்ஸ மாட்டிட்டு ஸ்பீட் டெஸ்ட் காட்டிட்டு கிளம்பிடுவாரு, அன்னிக்கு நைட்டே பின் ரூம்ல நெட்டு சுத்த ஆரம்பிக்கும். உடனே வீட்ல எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க, ரூட்டர் சரியில்ல, வேற வாங்கிடலாம்னு. அங்கதான் காசு வீணாக ஆரம்பிக்குது.

கோளாறு எங்க இருக்குன்னு பாக்காம கடைக்குப் போகாதீங்க. லேப்டாப் இருந்தா லேன் ஒயர நேரா பாக்ஸ்ல சொருகி ஸ்பீட் பாருங்க, இல்லன்னா போன எடுத்துட்டு பாக்ஸுக்கு பக்கத்துலயே நின்னு 5 கிகாஹெர்ட்ஸ்ல (வைஃபைல பொதுவா 2.4, 5ன்னு ரெண்டு அலைவரிசை வரும்) கனெக்ட் பண்ணி பாருங்க. காலைல ஒரு வாட்டி, நைட்டு ஒம்போது மணிக்கு எல்லாரும் சீரியல், கிரிக்கெட்னு உக்காந்திருக்கற நேரத்துல ஒரு வாட்டி. பாக்ஸ் பக்கத்துலயே ஸ்பீட் வரலன்னா அது பெரும்பாலும் லைன் பிரச்சனை, இல்ல நெட் குடுக்கறவங்க பக்கம் நெரிசல், நீங்க அஞ்சாயிரம் ரூபாய்க்கு ரூட்டர் வாங்கி வச்சாலும் அது மாறப் போறதில்ல, கம்ப்ளைன்ட்தான் போடணும். பக்கத்துல நல்லா வந்து உள்ள போகப் போக குறையுதுன்னாதான் அது கவரேஜ் பிரச்சனை, இனிமே சொல்றது எல்லாம் அதுக்குதான்.

அதுக்கும் மொதல்ல புது ரூட்டர் வேணாம், பாக்ஸ் இருக்கற இடத்த மாத்துங்க. டிவி பின்னாடி சொருகி வைக்கிறது, இரும்பு பீரோ மேல வைக்கிறது, ஃப்ரிட்ஜுக்கும் சுவத்துக்கும் நடுவுல தொங்க விடறது, தண்ணி ட்ரம் பக்கத்துல வைக்கிறது, இதெல்லாம் நம்ம பக்கம் வீட்டுக்கு வீடு பாக்கலாம். இரும்பு சிக்னல தடுத்து திருப்பி விட்டுடும், தண்ணி உறிஞ்சிக்கும், லாரி தண்ணி புடிச்சு வரிசையா ட்ரம் வச்சிருக்கற வீட்ல அந்த வரிசையே ஒரு சுவருதான். நடு ரூம்ல, ஆள் உயரத்துக்கு மேல, பரண் ஓரமா திறந்த இடத்துல வச்சா அதே பழைய பாக்ஸு பின் ரூம் வரைக்கும் ஓரளவு போகும். கனெக்‌ஷன் குடுக்கற அன்னிக்கே கூட நின்னு, தம்பி ஃபைபர இன்னும் ஒரு ரூம் உள்ள இழுத்துட்டு வாப்பான்னு கேட்டுடுங்க, அப்ப ஒயர் கையில இருக்கும், செஞ்சு குடுத்துடுவாங்க, அப்புறமா கூப்புட்டா தனி காசு. நீங்களா அந்த ஃபைபர இழுக்காதீங்க, உள்ள இருக்கறது கண்ணாடி இழை, மூலையில மடக்குனா லைட் போறது கொறஞ்சு நெட்டே நின்னுடும்.

சரி, இடமும் மாத்தியாச்சு, இன்னும் பத்தலன்னா அப்ப வாங்கலாம். கடைக்குப் போனா நடக்கறது என்னன்னா, நாம "அண்ணே, மூணு ரூம் தாண்டி இழுக்கணும், எது நல்லாருக்கும்"னு கேப்போம், அவரு "இத எடுத்துக்கப்பா, ஆறு கொம்பு இருக்கு, மொட்ட மாடி வரைக்கும் இழுக்கும்"பாரு. கொம்பு, அதாவது ஆன்டெனா, எண்ணிக்கைய பாத்து வாங்கறதுதான் எல்லாத்துலயும் பெரிய தப்பு. ஒரு ரூட்டர் எவ்ளோ பவர்ல சிக்னல் விடலாம்னு சட்டத்துலயே அளவு இருக்கு, ரெண்டு கொம்போ ஆறு கொம்போ அந்த அளவுக்குள்ளதான் விடணும். இன்னொன்னு, ரூட்டர் சிக்னல் போன் வரைக்கும் வந்தா மட்டும் போதாது, போன்ல இருந்தும் திரும்பி ரூட்டருக்கு போகணும், போன் ஆன்டெனாவோ சின்னது, பேட்டரிய பாத்து பவரும் கம்மியா விடும். அதனாலதான் பின் ரூம்ல முழு கோடு காட்டும் ஆனா வீடியோ கால்ல நம்ம குரல் மட்டும் வெட்டி வெட்டி போகும். கொம்பு நேரா நிக்க வச்சா சிக்னல் பக்கவாட்டுலதான் பரவும், மேல கீழ கம்மி, டிபிஐ (கொம்பு சிக்னல குவிக்கற அளவு) கூடக் கூட அது இன்னும் தட்டையாகும். மாடிக்கும் வேணும்னா ஒரு கொம்ப படுக்க வச்சு பாருங்க, காசு இல்லாத வேலை.

அடுத்தது அட்டைப் பொட்டி மேல இருக்கற நம்பர். ஏசி1200ன்னு போட்டிருந்தா 1200 எம்பிபிஎஸ் வரும்னு நெனச்சிடறாங்க. அது 2.4ல 300, 5ல 867, ரெண்டையும் கூட்டி சுமாரா போட்ட கணக்கு, ஒரு போன் ஒரு நேரத்துல ஒண்ணுலதான் இருக்கும், அதுலயும் கைக்கு வர்றது பாதி அளவுதான். என்300ன்னு ஆயிரம் ரூபா சுமாருக்கு கிடைக்கறது 2.4 மட்டும்தான் இருக்கறது, அத தயவுசெஞ்சு நம்ம ஏரியாவுல வாங்காதீங்க, இத நான் அழுத்தியே சொல்றேன். காரணம் இருக்கு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காத சேனல் (சிக்னல் ஓடற பாதை) மூணுதான், 1, 6, 11. வியாசர்பாடியோ கொருக்குப்பேட்டையோ ஹவுசிங் போர்டு பிளாக்ல நின்னு போன்ல வைஃபை லிஸ்ட்ட திறங்க, தள்ளத் தள்ள பேரு வந்துட்டே இருக்கும், அத்தனையும் அந்த மூணு சேனலுக்குள்ளதான் அடிச்சுக்குது. ஒண்ணு விடும்போது பக்கத்துல இருக்கறது காத்திருக்கணும், வைஃபை அப்படித்தான் வேலை செய்யுது. உங்க ரூட்டர் எவ்ளோ நல்லதா இருந்தாலும் சாயங்காலம் ஆனா திணறத்தான் செய்யும், சிக்னல் முழுசா இருக்கும் நெட்டு வராது.

5 கிகாஹெர்ட்ஸ் சுவரு தாண்டாதுன்னு அத ஒரு குறையா சொல்லுவாங்க, உண்மைதான், ராயபுரத்துல பழைய செங்கல் வீட்டு தடி சுவரு ரெண்டு தாண்டுனா தேஞ்சிடும். ஆனா நெருக்கமா இருக்கற இடத்துல அதுதான் நமக்கு நல்லது, ஏன்னா பக்கத்து வீட்டுக்காரர் 5ம் நம்ம வீட்டுக்குள்ள அவ்ளோவா வராது, சேனலும் நெறைய இருக்கு. அதனால 2.4, 5 ரெண்டும் இருக்கற டூயல் பேண்ட் கண்டிப்பா வேணும். 2.4அ கேமரா, ஸ்மார்ட் பல்பு, பழைய போனுக்கு விட்டுட்டு செட்டிங்ல சேனல் அகலத்த 20 மெகாஹெர்ட்ஸ்ல வைங்க, 40ல வச்சா பக்கத்து வீட்டோட இன்னும் அதிகமா இடிக்கும்.

பின்னாடி இருக்கற போர்ட்ட திருப்பி பாக்காம வாங்கறது இன்னொரு தப்பு, இது நெறைய பேருக்கு தெரியாமலே நஷ்டமாகுது. ஏசி1200லயே ரெண்டு விதம் இருக்கு, டிபி லிங்க் ஆர்ச்சர் சி50ல போர்ட் எல்லாம் 100 எம்பிபிஎஸ், ஆர்ச்சர் சி6ல கிகாபிட், அதாவது 1000. உங்க பிளான் 200 எம்பிபிஎஸ்னா மொதல்ல சொன்னதுல எவ்ளோ தலகீழா நின்னாலும் 95 கிட்டதான் வரும், மாசா மாசம் பாதி காசு சும்மா போகுது. அட்டையில 10/100/1000ன்னோ கிகாபிட்னோ இருக்கான்னு பாருங்க, 10/100ன்னு மட்டும் இருந்தா வச்சிட்டு வந்துடுங்க. 40, 50 பிளான் போட்டு அதோட நிறுத்திக்கறவங்களுக்கு இது பெருசில்ல. இப்போதைக்கு 2,000ல இருந்து 3,000 ரூபாக்குள்ள கிகாபிட் ஏசி1200 கிடைக்குது, கொஞ்சம் மேல போட்டா ஏசிய விட புது தலைமுறையான வைஃபை 6 கிடைக்கும், வீட்ல நாலஞ்சு புது போன் இருந்தா வைஃபை 6க்கு போறதுல அர்த்தம் இருக்கு, நெரிசல சமாளிக்கத்தான் அத வடிவமைச்சிருக்காங்க. வைஃபை 7க்கு இப்போ அவசரமே இல்ல.

ஃபைபர் பாக்ஸ கழட்டிட்டு அந்த இடத்துல புது ரூட்டர மாட்டலாம்னு நெனச்சு வாங்கறவங்களும் உண்டு. முடியாது. அந்த பாக்ஸ் ஓஎன்டி, ஒளிய டேட்டாவா மாத்தறதே அதுதான், அது இருக்கணும், அதோட லேன்ல இருந்து ஒயர் எடுத்து புது ரூட்டர் வான் போர்ட்ல (வெளி நெட்டு உள்ள வர்ற போர்ட்) சொருகணும். பழைய போன் லைன் பின்னு சொருகற மோடம் ரூட்டர யாராச்சும் சீப்பா தர்றேன்னா வாங்காதீங்க, அது டெலிபோன் ஒயர்லயே நெட்டு வந்த ஏடிஎஸ்எல் காலத்துது. லேண்ட்லைன் போன் ஓஎன்டிலதான் இருக்குன்னா அதுல கைய வைக்காதீங்க. புது ரூட்டர ஆக்சஸ் பாயின்ட் மோடுல (ரூட்டர் வேலைய பாக்ஸே பாக்கும், இது வைஃபை மட்டும் குடுக்கும்) போட்டா வீடு முழுக்க ஒரே நெட்வொர்க்கா இருக்கும், டிவிக்கு போன்ல இருந்து காஸ்ட் பண்றது, பிரின்டர் எல்லாம் தகராறு இல்லாம ஓடும்.

மாடி வீடு இருக்கே, கீழ அப்பா அம்மா, மேல அண்ணன், அதுக்கு மேல தம்பின்னு ஒரே கனெக்‌ஷன பங்கு போட்டுக்கற வீடு, அதுக்கு எவ்ளோ பெரிய ரூட்டரும் பத்தாது, கான்க்ரீட் தளம் விடாது. வர்ற வைஃபைய வாங்கி திருப்பி விடற ரிப்பீட்டர வாங்கி நெட்டே வராத ரூம்ல சொருகுவாங்க, அங்க வராத நெட்ட அது எங்கேருந்து எடுக்கும்? நடு வழியில நல்லா சிக்னல் வர்ற இடத்துல வைக்கணும், அப்பவும் ஒரே பேண்ட் ரிப்பீட்டர்னா ஸ்பீட் பாதியாயிடும். நான் சொல்றது, மாடிப்படி ஓரமா ஒரு கேட்6 லேன் ஒயர் இழுத்துடுங்க. 100 மீட்டர் வரைக்கும் ஸ்பீட் குறையாம போகும், வருஷக் கணக்குல தொல்லை குடுக்காது. பழைய ரூட்டர் வீட்ல சும்மா கெடந்தா புதுசு கூட வேணாம், அதோட ஐபிய (நெட்வொர்க் முகவரி) மாத்திட்டு, டிஹெச்சிபிய (மத்த கருவிக்கு முகவரி குடுக்கற செட்டிங்) ஆஃப் பண்ணிட்டு, வான்ல இல்லாம லேன் போர்ட்ல ஒயர சொருகுனா அதுவே மாடிக்கு வைஃபை குடுக்கும். ஒயர் வாங்கறப்போ சுத்த காப்பரான்னு கேளுங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசுனது விலை கம்மி, சீக்கிரம் ஒடைஞ்சுடும், காசிமேடு எண்ணூர் பக்கம் கடல் காத்துக்கு பின்னு பச்ச புடிக்கவும் செய்யும், அதனால ஜாயின்ட்ட வெளிய விடாதீங்க. ஒரு வீட்டு மொட்ட மாடியில இருந்து இன்னொரு வீட்டுக்கு திறந்த வெளியில லேன் ஒயர் இழுக்கறது வேணவே வேணாம், இடி மின்னல் வந்தா ரெண்டு பக்கமும் போர்ட்டு எரியும்.

பர்மா பஜார்லயோ மூர் மார்க்கெட்லயோ செகண்ட் ஹேண்ட் பாக்ஸ் எடுக்கறவங்க, அது ஏதாச்சும் கம்பெனி கனெக்‌ஷனோட குடுத்த பாக்ஸான்னு பாருங்க, அதுங்க நெறைய லாக் ஆகியிருக்கும், வேற கனெக்‌ஷனுக்கு ஒத்து வராது. மாத்தி மாத்தி சார்ஜர் குடுக்கறதும் உண்டு. புதுசோ பழசோ, மாட்டுன ஒடனே அட்மின் பாஸ்வேர்ட மாத்துங்க, டபிள்யுபிஎஸ் (பாஸ்வேர்ட் அடிக்காம கனெக்ட் பண்ற வசதி) ஆஃப் பண்ணுங்க, வைஃபை பாஸ்வேர்டா மொபைல் நம்பர வைக்காதீங்க, தெருவுக்கே தெரிஞ்ச நம்பரு அது.

கரண்ட் போனா நெட்டு போகக்கூடாதுன்னு மினி யூபிஎஸ் வாங்கறவங்க ரூட்டருக்கு மட்டும் மாட்டிட்டு ஓஎன்டிய விட்டுடறாங்க, அது ஆஃப் ஆனா ரூட்டர் எரிஞ்சுட்டு இருந்தும் பிரயோஜனம் இல்ல, ரெண்டுக்கும் லைன் குடுக்கறதா பாத்து வாங்கணும். அடாப்டர்ல எழுதியிருக்கற வோல்ட்டும் யூபிஎஸ் வோல்ட்டும் ஒண்ணா இருக்கணும், சில சின்ன ரூட்டர் 9 வோல்ட், ஓஎன்டி பெரும்பாலும் 12, மாத்தி சொருகுனா 9 வோல்ட் ரூட்டர் செத்துடலாம். ஆம்பியர் அடாப்டர்ல உள்ளதுக்கு சமமாவோ கூடவோ இருக்கலாம், குறைய கூடாது, குறைஞ்சா ரூட்டர் தானா ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கும்.