பழைய கணினியில் லினக்ஸ்: டிஸ்ட்ரோவைத் தேடும் முன் பெட்டியைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதன் பிறகு, வீட்டில் சும்மா கிடக்கும் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாமா என்று என்னிடம் கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளும் அதில் உண்டு. போடலாம், நன்றாகவே ஓடும். ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது "எது ரொம்ப லைட்டான டிஸ்ட்ரோ?" என்றுதான். (டிஸ்ட்ரோ என்பது உபுண்டு, டெபியன் போல ஆயத்தமாகக் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்பு.) தவறுகளில் பாதி அங்கேயே தொடங்கிவிடுகிறது. அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது, பெட்டிக்குள் என்ன பிராசசர், எவ்வளவு ரேம், என்ன நிலையில் ஒரு டிஸ்க் இருக்கிறது என்பதை.

"பழசுதானே, 32 பிட் போதும்"

பிராசசர் ஒரே நேரத்தில் கையாளும் தரவின் அளவைத்தான் 32 பிட், 64 பிட் என்கிறோம். பழசுக்கு 32 பிட் போதும் என்று நம்பி அந்தப் பதிப்பைப் போட்டுவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. 2006-இல் வந்த கோர் 2 டுயோவே 64 பிட் பிராசசர்தான். அதற்குப் பிறகு வந்த இன்டெல், ஏஎம்டி லேப்டாப்களில் மிகப் பெரும்பாலானவை 64 பிட்தான். 32 பிட் போட்டால் நினைவகம் கொஞ்சம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை அதிகம். லினக்ஸுக்கான 32 பிட் குரோம் 2016-இலேயே நின்றுவிட்டது. உபுண்டு டெஸ்க்டாப் 17.10 பதிப்பிலிருந்து 32 பிட் நிறுவியைத் தருவதில்லை. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-லும் அது கிடையாது. ஃபயர்பாக்ஸும் 2025 இறுதியில் 32 பிட் லினக்ஸைக் கைவிட்டது. 64 பிட் ஓடக்கூடிய கணினியில் 32 பிட் போட்டால், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும் காலத்தை நீங்களே வெட்டிக் குறைக்கிறீர்கள்.

உண்மையிலேயே 32 பிட் மட்டும் ஓடும் கணினிகளும் உண்டு. அட்டம் என்270 பிராசசரோடு வந்த சின்ன நெட்புக்குகள் அந்த வகை. அவற்றுக்கு ஆன்டிஎக்ஸ் 23 அல்லது டெபியன் 12 பொருந்தும். டெபியன் 12-க்கு 2028 ஜூன் வரை நீட்டித்த ஆதரவு உண்டு. தட்டச்சு, பாட்டு, பிடிஎஃப் படிப்பது என்ற அளவில் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கு பார்ப்பதற்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

டெஸ்க்டாப்பைக் குறைத்தால் வேகம் வந்துவிடும் என்ற நம்பிக்கை

டெஸ்க்டாப் என்றால் திரையில் தெரியும் சாளரங்கள், பட்டிகள் எல்லாம் சேர்ந்த தொகுப்பு. அதில் லைட்டான எல்எக்ஸ்கியூடியா எக்ஸ்எஃப்சிஇயா என்று மணிக்கணக்கில் விவாதிக்கிறார்கள். இரண்டுக்கும் நினைவகத்தில் இருக்கும் வித்தியாசம் சில நூறு எம்பிக்குள்தான். உலாவியில் கனமான ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்த மிச்சம் போய்விடும். பழைய கணினியைத் திணறவைப்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்: சுழலும் ஹார்ட் டிஸ்க், பற்றாத ரேம். 2 ஜிபி ரேமும் ஹார்ட் டிஸ்க்குமாக இருக்கும் ஒரு லேப்டாப்பில் எந்த டிஸ்ட்ரோவைப் போட்டாலும், உலாவி திறந்ததும் டிஸ்க் விளக்கு அணையாமல் எரியும்.

ஆகவே செலவழிக்க ஒரே ஒரு தொகைதான் இருக்கிறதென்றால், ஒரு சாட்டா எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். 120 ஜிபி போதும். பெரும்பாலான பழைய லேப்டாப்களில் அடிப்பக்கத்து ஸ்குரூக்களைக் கழற்றினால் மாற்றிவிடலாம். அதற்குப் பிறகு கணினி திறக்கும் வேகத்தைப் பார்த்தால், டெஸ்க்டாப் பற்றிய விவாதம் எவ்வளவு சின்னது என்று தெரியும். இருக்கும் ஹார்ட் டிஸ்க்கிலேயே போடுவதானால், முதலில் அதன் ஸ்மார்ட் அறிக்கையை, அதாவது டிஸ்க் தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் அறிக்கையைப் பாருங்கள். ஜிஸ்மார்ட்கன்ட்ரோல் என்ற கருவி அதைக் காட்டும். கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கின் சிறு பகுதிகள்), படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற இரண்டு எண்களும் கூடிக்கொண்டே போனால், அந்த டிஸ்க்கில் எதையும் நிறுவாதீர்கள்.

ரேம் வாங்குவதில் வேறொரு பிழை நடக்கிறது. டிடிஆர்2, டிடிஆர்3 என்ற ரேம் வகைகளில் ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது என்பது பலருக்குத் தெரியும். டிடிஆர்3எல் பற்றித்தான் தெரிவதில்லை. அது 1.35 வோல்ட்டில் இயங்கும். சாதாரண டிடிஆர்3-க்கு 1.5 வோல்ட் வேண்டும். டிடிஆர்3எல் மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் சாதாரண டிடிஆர்3 வேலை செய்யாது. இன்டெல் 945 சிப்செட் உள்ள கணினியாக இருந்தால், 4 ஜிபி மாட்டினாலும் சுமார் 3 ஜிபிதான் தெரியும். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர்க் கடையிலோ பழைய ரேம் வாங்கப் போகும்போது, உள்ளே இருப்பதைக் கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள்.

ஸ்வாப்பை அணைப்பது

எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பயந்து ஸ்வாப்பை, அதாவது ரேம் நிறையும்போது தரவை ஒதுக்கி வைக்கும் டிஸ்க் இடத்தை, நீக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2 ஜிபி கணினியில் இதைச் செய்யவே கூடாது. நினைவகம் நிறைந்ததும், அதிகம் பயன்படாத தரவை ஒதுக்கி வைக்க லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு இடம் இருக்காது. அப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பக்கங்களையே வெளியே தள்ளும், அடுத்த நொடி திரும்ப டிஸ்க்கிலிருந்து படிக்கும். சுட்டிகூட நகராமல் கணினி உறைந்து நிற்பது அதனால்தான். ஸ்வாப்பை வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இசட்ரேமையும் இயக்குங்கள். அது தரவைச் சுருக்கி ரேமுக்குள்ளேயே வைக்கிறது. டெபியனில் இசட்ரேம்-டூல்ஸ் என்ற ஒரே பொதியை நிறுவினால் போதும். காசில்லாமல் கிடைக்கும் மேம்பாடுகளில் என் வரிசையில் இதற்குத்தான் முதலிடம்.

ஒரு டெஸ்க்டாப்பின் மேல் இன்னொன்று

வழக்கமான உபுண்டுவைப் போட்டுவிட்டு, கனமாக இருக்கிறதே என்று அதன் மேலேயே எல்எக்ஸ்கியூடியை நிறுவுவது பலர் செய்வது. பழைய டெஸ்க்டாப்பின் பின்னணிச் சேவைகளில் பல அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்திலேயே லுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ், அல்லது நிறுவும்போதே டெஸ்க்டாப்பைத் தேர்ந்தெடுக்க விடும் டெபியன் என்று போய்விடுங்கள். உபுண்டுவின் லைட்டான வடிவங்களான லுபுண்டு, சுபுண்டு இரண்டிலும் 22.04 முதல் ஃபயர்பாக்ஸ், தேவையானதெல்லாம் உள்ளேயே அடங்கிய ஸ்னாப் என்ற பொதி வடிவில் வருகிறது. ஹார்ட் டிஸ்க்கில் அது முதல்முறை திறக்க நேரம் பிடிக்கும். எஸ்எஸ்டி மாற்றாதவர்களுக்கு டெபியனோ எம்எக்ஸ் லினக்ஸோதான் மேல் என்பது என் முடிவு.

சோதிக்காமல் நிறுவுவது

இறக்கிய ஐஎஸ்ஓவை (டிஸ்ட்ரோவின் நிறுவல் கோப்பு) பென்டிரைவில் வெறுமனே காப்பி செய்தால் கணினி அதிலிருந்து திறக்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். எழுதியபின் உடனே நிறுவிவிடாமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்று சோதியுங்கள். பிராட்காம் வைஃபை உள்ள லேப்டாப்களில் டிரைவர் தனியாக இறக்க வேண்டியிருக்கலாம். அதை இறக்கவே இணையம் வேண்டுமே என்று திகைக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஃபோனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் (ஃபோனின் இணையத்தைப் பகிர்வது) போட்டால் பெரும்பாலும் உடனே கிடைத்துவிடும்.

எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்புச் சான்றிதழ் பிழை வந்தால், லினக்ஸைத் திட்டும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். பல ஆண்டு மின்சாரம் இல்லாமல் கிடந்த கணினியில் மதர்போர்டு பேட்டரி செத்து, தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். பெரும்பாலும் அது சிஆர்2032 வகைப் பட்டன் பேட்டரி, மலிவானது. கணினியைத் திறந்த கையோடு விசிறியில் அடைந்த தூசியையும் தட்டிவிடுங்கள். சூடேறினால் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதை மென்பொருளால் சரிசெய்ய முடியாது.

யூடியூப் திக்கினால்

பல பேர் இங்கேதான் மனம் வெறுத்துத் திரும்பிப் போகிறார்கள். காரணம் லினக்ஸ் அல்ல. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 வடிவங்களில் காணொளியை அனுப்புகிறது. பழைய கிராஃபிக்ஸ் சிப்களுக்கு அவற்றைப் பிரிக்கும் வசதி இல்லாததால் முழுப் பாரமும் பிராசசர் தலையில் விழுகிறது. பழைய எச்.264 வடிவில் காணொளியைக் கேட்டு வாங்கும் எச்264இஃபை என்ற உலாவி நீட்சியைச் சேர்த்து, 480பி அளவில் வைத்தால் கோர் 2 டுயோவிலும் பார்க்கும்படி ஓடும். எக்ஸ்எஃப்சிஇ போட்டிருந்தால், சாளர மேலாளர் நுண்ணமைப்பில் (Window Manager Tweaks) நிழல், ஒளிபுகும் தோற்றம் போன்றவற்றைச் சேர்க்கும் கம்பாசிட்டரை அணைத்தும் பாருங்கள்.

தமிழை மறந்துவிடாதீர்கள். இடத்தை மிச்சப்படுத்தக் குறைந்தபட்ச நிறுவலைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரியலாம். நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் பொதியைச் சேர்த்து, விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை வெளியேறி உள்நுழைந்தால் வேலை செய்யும். பெற்றோருக்காக அமைத்துத் தருகிறீர்கள் என்றால், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாற்றும் விசையை அவர்கள் கையாலேயே அழுத்திப் பழகவிட்டு வாருங்கள்.