சர்வரில் பகிரப்பட்ட கோப்புறையை மற்ற கணினிகளில் திறப்பது எப்படி?

விண்டோஸ் சர்வரில் உள்ள ஒரு கோப்புறை வேறொரு கணினியில் திறக்கவில்லை என்றவுடன் பலரும் முதலில் கேபிளையும் ரூட்டரையும் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் சிக்கல் அங்கே இருப்பதில்லை. அனுமதிகளை இரண்டு இடங்களில் தனித்தனியாகக் கொடுக்க வேண்டியிருப்பதும், ஒன்றை மாற்றிவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவதுமே வழக்கமான காரணம். ஆகவே சர்வரில் இருந்து தொடங்குவதே சரியான வழி.

சர்வரில் அந்தக் கோப்புறையின் மீது வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ஷேரிங் தாவலைத் திறந்து, அட்வான்ஸ்டு ஷேரிங் வழியாகப் பகிர்வை இயக்கி, இடைவெளி இல்லாத சிறிய பெயர் ஒன்றைக் கொடுங்கள். அங்கேயே இருக்கும் பர்மிஷன்ஸ் பொத்தானில் கொடுப்பது பகிர்வு அனுமதி. அது நெட்வொர்க் வழியாக வருபவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். செக்யூரிட்டி தாவலில் கொடுப்பது என்டிஎஃப்எஸ் அனுமதி, அதாவது வட்டில் உள்ள கோப்புறைக்கே விண்டோஸின் கோப்பு முறைமை விதிக்கும் அனுமதி. அது சர்வரிலேயே அமர்ந்து வேலை செய்பவருக்கும் பொருந்தும். நெட்வொர்க்கில் இருந்து வருபவருக்கு இவ்விரண்டில் எது கடுமையானதோ அதுவே செல்லும். இந்த முறையில் உருவாக்கும் புதிய பகிர்வில் அனைவருக்கும் படிக்கும் உரிமை மட்டுமே இயல்பாகக் கிடைப்பதால், செக்யூரிட்டியில் மாற்றும் உரிமை கொடுத்த பின்னும் ஒருவரால் கோப்பைச் சேமிக்க முடியாமல் போகிறது. இதற்குத் தீர்வாக இரண்டு இடங்களிலும் எவ்ரிஒன் குழுவுக்கு முழு உரிமை கொடுத்துவிடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். தேவையானவர்களை ஒரு குழுவாக்கி, அக்குழுவுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். புதிதாகச் சேர்க்கப்பட்டவர் தம் கணினியில் ஒருமுறை வெளியேறி மீண்டும் உள்நுழைய வேண்டும்.

இனி பயனரின் கணினிக்கு வருவோம். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, \\சர்வர்பெயர்\பகிர்வுப்பெயர் என்ற வடிவில் முகவரியைத் தட்டச்சு செய்யுங்கள். கணக்கு விவரம் கேட்டால், சர்வரில் உருவாக்கிய கணக்கை சர்வர்பெயர்\பயனர்பெயர் என்று கொடுக்க வேண்டும். தினமும் தேவைப்படும் கோப்புறையை மேப் நெட்வொர்க் டிரைவ் மூலம் ஓர் எழுத்துடன் இணைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த எழுத்து உள்நுழைந்த பயனருக்கு மட்டுமே உரியது. பின்னணியில் இயங்கும் சர்வீஸ்களுக்கு அது தெரியாது என்பதால், அவற்றில் முழு முகவரியையே எழுதுங்கள்.

திறக்கவில்லையெனில், பெயருக்குப் பதிலாக சர்வரின் ஐபி முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். அதில் திறந்தால் கோளாறு பெயரைக் கண்டறிவதில், அதாவது டிஎன்எஸ்ஸில் இருக்கக்கூடும். அதிலும் பதில் இல்லையெனில் சர்வரின் ஃபயர்வாலில் (இணைப்புகளை வடிகட்டும் பாதுகாப்பு அரண்) கோப்புப் பகிர்வுக்கான டிசிபி 445 போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்புளோரரின் நெட்வொர்க் பட்டியலில் சர்வர் தெரியாததை மட்டும் வைத்துக் கலங்க வேண்டாம், முகவரியைக் கொடுத்தால் அது திறக்கக்கூடும். பிழை எண் 1219 வந்தால், அதே சர்வருடன் வேறொரு பயனர்பெயரில் ஏற்கெனவே இணைப்பு இருக்கிறது என்று பொருள்; பழைய இணைப்பைத் துண்டித்து, கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமித்த பழைய கடவுச்சொல்லையும் நீக்கிவிடுங்கள்.

பழைய கருவி ஒன்றுக்காக எஸ்எம்பியின் (விண்டோஸ் நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் நெறிமுறை) முதல் பதிப்பை மீண்டும் இயக்கச் சொல்லும் அறிவுரையை ஏற்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை தீநிரல் பரவியது அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதேபோல் 445 போர்ட்டை இணையத்தை நோக்கித் திறக்கவே கூடாது. வெளியில் இருந்து கோப்புறை தேவைப்படுவோருக்கு விபிஎன் (இணையம் வழியே செல்லும் பாதுகாப்பான தனிப்பாதை) இணைப்பு கொடுங்கள்.