ஊருக்குப் போகுமுன் உறுதியை விரித்துப் பாருங்கள்

தாய் தகப்பன் பெயரில் ஊரில் இரண்டு பரப்புக் காணியாவது மிச்சமிருக்கிறதா? அப்படியானால் விமான டிக்கெட் வாங்குவதற்கு முன் உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தை, மேசையில் விரித்து, அதில் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கனடாவிலோ லண்டனிலோ கொடுத்த மரணச் சான்றிதழை அதன் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் ஒரே ஆள் இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

பிள்ளைகளோடு ஒரு வருடம் யாழ்ப்பாணத்தில் இருந்து பார்ப்பது, சரிவந்தால் அங்கேயே தங்கிவிடுவது என்றுதான் கனடாவின் ஸ்காபரோவில் இருந்து கிளம்பினோம். கணவர் வேலைக்காக இடையிலேயே திரும்பினார். இப்போது நாங்களும் வந்தாயிற்று. ஏன் தங்கவில்லை என்று கேட்பவர்களிடம் பிள்ளைகளின் படிப்பு என்கிறோம். அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

சிறிய விஷயங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுநாயக்காவில் இறங்கிய கையோடு இரவிரவாக வான் வண்டியில் யாழ்ப்பாணம் போகும் பழக்கத்தை விடுங்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம். சாரதி முதல் நாளும் இன்னொரு குடும்பத்தை ஏற்றி வந்தவராக இருப்பார். நீர்கொழும்பில் ஓர் இரவு தூங்கிவிட்டுப் பகலில் போங்கள். சென்னை வழியாக வருபவர்கள் பலாலிக்கே வந்து இறங்கலாம். 2019 ஒக்டோபரில் அதைச் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். வருவது சிறிய விமானம், ஆகவே கனடாக் கணக்கில் கட்டிய பெட்டிகளை அதில் ஏற்றவிடமாட்டார்கள். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் இருக்கிறது. மழைக்காலத்தில் அதை நம்பித் திருமண நாள் குறிக்காதீர்கள்.

கனடாக் குடியுரிமை எடுத்தவர்கள், தனியாக விண்ணப்பித்து வைத்திருந்தாலொழிய, இலங்கைக் குடியுரிமையை இழந்தவர்கள். வெளிநாட்டவர் வரிசையில் நின்று, 30 நாள் விசாவோடுதான் உள்ளே போகவேண்டும். நீட்டிக்கலாம். ஆனால் வருடக்கணக்கில் இருக்க நினைப்பவர்கள் இரட்டைக் குடியுரிமை விண்ணப்பத்தைக் கனடாவில் இருக்கும்போதே தொடங்குங்கள். மாதங்கள் போகும், ஊருக்குப் போய்ச் செய்யலாம் என்று விடாதீர்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாள். அந்த நாட்களில் ஊர் முழுக்க நம்மவர்கள். ஆட்டோக்காரர் நம் செருப்பைப் பார்த்தே விலை சொல்கிறார். தேருக்கு வரத்தான் வேண்டும் என்றால் வாருங்கள், ஆனால் அலுவலக வேலை எதையும் அந்த நாட்களோடு பொருத்தாதீர்கள்.

இனி காணி.

எங்கள் வீடு வலிகாமத்தில். அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. எட்டுப் பரப்பும் சொச்சக் குழிகளும். இதற்குள் அடங்கிய வீடும் வான்பயிரும் தான்பயிரும், வடக்கு எல்லையிலுள்ள கிணற்றில் பங்கும், நீர் அள்ளவும் போக்குவரத்துச் செய்யவும் உள்ள உரிமையும் என்று உறுதி நீளும். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வலிகாமமே எழுந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, அம்மா இந்த உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று மழை. கடதாசி நனையவில்லை. இதைவிடப் பெரிய ஆதாரம் ஓர் அலுவலகத்துக்கு வேறென்ன வேண்டும்?

வேண்டியது நிறைய. அம்மாவின் காணியை எங்கள் பெயருக்கு மாற்றப் போனது குடாநாட்டில் ஓர் அலுவலகத்துக்கு. எது என்று எழுதப்போவதில்லை, ஏனென்றால் எங்கள் அலுவல் அங்கே இன்னும் முடியவில்லை. முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் உறுதியை ஒரு பக்கமும், அம்மாவின் மரணச் சான்றிதழின் தமிழ் மொழிபெயர்ப்பை மறுபக்கமும் வைத்து, பென்சிலால் மெதுவாகக் கோடிட்டார். உறுதியில் அம்மா தன் தகப்பனின் பெயரோடு இருக்கிறார். கனடாவில் அப்பாவின் பெயர் அவருக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. போதாததற்கு, பெயரில் இருந்த ழகரம் ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பியபோது லகரமாகவே நின்றுவிட்டது.

"இவர் வேறு ஆள்" என்றார்.

"என்னுடைய அம்மா" என்றேன்.

"நான் கடதாசியைச் சொல்கிறேன், அக்கா."

அவர் மரியாதையாகத்தான் கதைத்தார். அதுதான் எரிச்சலாக இருந்தது. சண்டை பிடித்திருந்தால் மேலதிகாரியிடம் போயிருக்கலாம்.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும். இருவரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். சமாதான நீதவானைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. முத்திரையை அவர் வீட்டில் வைத்துவிட்டு வராத நாளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். மரணச் சான்றிதழை ஒட்டாவா உயர் ஸ்தானிகராலயத்திலோ ரொறன்ரோ துணைத் தூதரகத்திலோ அத்தாட்சிப்படுத்தி எடுத்துக்கொண்டு போகவேண்டும். இல்லையென்றால் அதைத் திருப்பி அனுப்பி எடுக்க ஒரு பருவமே போய்விடும். மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது உறுதியின் பிரதியையும் கூடவே கொடுத்து, பெயரை இதில் உள்ளபடி எழுதுங்கள் என்று சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் சுணங்கினால் வேறு ஒருவரிடம் போங்கள். காணிப் பதிவகத்தில் உறுதி பதிந்திருக்கிறதா, அதற்குப் பிறகு யாராவது எதையாவது பதிந்திருக்கிறார்களா என்று பதிவேட்டுப் பிரதி எடுத்துப் பார்ப்பது இவை எல்லாவற்றுக்கும் முந்திய வேலை.

எங்களுக்கு அத்தோடு முடியவில்லை. அம்மா அந்த வீட்டில் இருந்தவர்தான் என்று கிராம அலுவலரின் கடிதம் கேட்டார்கள். வீட்டைப் பார்த்துவரும் சின்னம்மா, அம்மாவின் தங்கை, அவரை இன்னும் விதானையார் என்றுதான் சொல்வார். போய்ப் பார்த்தால் இடப்பெயர்வுக்குப் பிறகு பிறந்த பெண்பிள்ளை. களப்பணி இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவேண்டும். நல்ல பிள்ளை. பதிவுகளைப் புரட்டினாள். எங்கள் குடும்பம் எதிலும் இல்லை.

"இந்த வீட்டில் இருந்ததற்கு உங்களை யாருக்குத் தெரியும், அன்ரி?"

யாருக்குத் தெரியும்? இடப்பக்கத்து வீட்டார் பாரிஸில். வலப்பக்கம் மதில் எழுப்பி யாரோ புதியவர்கள். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் செத்துப்போனார்கள். ஒழுங்கை முனையில் கடை வைத்திருந்தவரின் மகன் என்னைப் பார்த்து, எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டான். மிச்சமிருந்தது சின்னம்மா ஒருவர்தான். அவரோடு அந்த வாரம் எனக்குக் கதை இல்லை.

கதை நின்றதற்குக் காரணம் பின்வளவு. கிணற்றடியோடு சேர்ந்த நான்கு பரப்பைத் தன் கடைசி மகளுக்கு எழுதித்தர வேண்டும் என்று சின்னம்மா கேட்டிருந்தார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. நாங்கள் வந்து இறங்கி, பிள்ளைகளுக்குப் பாணும் சம்பலும் வைத்துவிட்டு, தேத்தண்ணீர் ஆறுமுன்னே கேட்டார். "பிள்ளை, உங்களுக்கு இது ஒரு காணி. எங்களுக்கு இதுதான் காணி." பதிலுக்கு நான் கூரையைப் பார்த்தேன். பழைய ஓட்டுக்கு நடுவே புது ஓடுகள் திட்டுத்திட்டாக. ஒவ்வொரு மாரிக்கும் எது எது உடைந்தது என்று சின்னம்மாவுக்கு வரிசையாகச் சொல்லத் தெரியும். 1996 இல் ஊருக்குத் திரும்பியவர்கள் அவர்கள். நாங்கள் கிளிநொச்சி, கொழும்பு என்று போய்க் கனடாவில் நின்றோம். வீட்டுக் காசு என்று அம்மா அனுப்பியது உண்மை. அது எந்த வருடம் நின்றது என்று எங்கள் வீட்டில் யாரும் குறித்து வைத்திருக்கவில்லை. சின்னம்மா குறித்து வைத்திருந்தார், மாட்டுத்தாள் போட்ட ஒரு கொப்பியில்: கிணறு இறைப்பித்தது, வேலி அடைத்தது, மின்கட்டணம். காட்டுவதற்கென்று எழுதியதல்ல. நான் தற்செயலாகத்தான் பார்த்தேன்.

கிராம அலுவலரிடம் கூட்டிக்கொண்டு போனபோது சின்னம்மா ஒரு வார்த்தை எதிர்ச்சொல் சொல்லவில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்பிள்ளை எழுந்து நின்று கதிரை கொடுத்தாள். "இது என் அக்காவின் மகள். அக்கா இந்த வீட்டில்தான் இருந்தவர்" என்றார். அவ்வளவுதான். கடிதம் அன்றைக்கே வந்தது. என்னிடம் இருந்த கடவுச்சீட்டு, சான்றிதழ், தூதரக முத்திரை எல்லாம் கோப்புக்குள் பேசாமல் கிடந்தன.

நம்மவர்கள் சிலர் இந்த இடத்தில் வழக்குப் போடுவார்கள். போடுமுன் கொஞ்சம் படியுங்கள். 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டப்படி, பத்து வருடம் இடையூறின்றி, சொந்தக்காரனை ஏற்றுக்கொள்ளாமல் ஒரு காணியை ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். எங்கள் சொந்தக்காரர்கள் எதையும் கோரவில்லை, கேட்கத்தான் செய்தார்கள். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைச் சட்டத்தரணி சொல்லித்தான் நான் யோசித்தேன். வீட்டைப் பார்ப்பவர் உங்கள் சம்மதத்தோடு இருக்கிறார் என்று இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு கடதாசி இருப்பது உங்களுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. வெளிநாட்டவருக்குக் காணி விற்பதை 2014 ஆம் ஆண்டின் சட்டம் தடுக்கிறது. தாய் தகப்பனின் முதுசம் வந்து சேர்வதை அது தடுக்கவில்லை. பிரிக்காத பங்கை விற்பதானால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காமல் வெளியாளுக்கு விற்றுவிட்டு விமானம் ஏறியவர்களின் கதைகள் நீதிமன்றத்தில் இன்னும் நடக்கின்றன.

இதோடு இன்னொன்று, பெண்களுக்கு மட்டும். என் பங்கிலிருந்து பின்வளவை எழுதிக்கொடுக்கச் சம்மதித்து, உறுதி எழுதும் நொத்தாரிசிடம் போனால், கணவரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே என்றார். 1707 இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த தேசவழமையும் அதன் மேல் வந்த 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும், மணமான பெண் தன் சொந்தக் காணியைக் கைமாற்றக் கணவரின் சம்மதம் கேட்கின்றன. என் அம்மாவின் சீதனம், என் அம்மாவின் தங்கையின் மகளுக்குப் போகிறது. இதில் ஸ்காபரோவில் பனி வழித்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு என்ன அலுவல்? நான் கனடாவில் குடியிருப்பவள், எனக்கு இது பொருந்துமா என்று வாதாடிப் பார்த்தேன். நொத்தாரிசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "பொருந்தாது என்று நீங்கள் நிரூபிக்கலாம், தங்கச்சி. அதைவிடக் கையெழுத்தை வாங்குவது சுகம்." கணவன்மாரை முன்னதாகத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். சம்மதத்தையும், அவருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் தரும் அற்றோர்ணித் தத்துவத்தையும் அவர் விமானம் ஏறுவதற்கு முன்னே, ஊரிலேயே, நொத்தாரிசு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்தும் குடிக்கக் கொடுக்காதீர்கள். வலிகாமத்தின் சுண்ணக்கல் நிலத்தில் தோட்டத்து உரம் கிணற்றுக்கு இறங்குகிறது, நைத்திரேற்று கொதியில் போகாது. குடிதண்ணீரை வாங்கிக் குடியுங்கள், ஊரார் முகத்தைச் சுளித்தாலும். மகன் முதல் மாதம் முழுக்கத் தொலைபேசியோடு இருந்தான், பிறகு சின்னம்மாவின் பேரனோடு வெளியே போனவனை இரவுச் சாப்பாட்டுக்குத்தான் பிடிக்க முடிந்தது. மகளுக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் வயதில் நானும் அந்த ஊரைவிட்டுப் போகத்தான் ஆசைப்பட்டேன், போன விதம்தான் வேறு.

ஒன்ராறியோக்காரர்களுக்கு: மருத்துவக் காப்புறுதி தொடர, எந்த 12 மாதத்திலும் 153 நாட்கள் மாகாணத்துக்குள் இருந்திருக்கவேண்டும். வருடக்கணக்கில் போவதானால் போகுமுன் எழுதி அனுமதி கேளுங்கள், திரும்பி வந்து விளக்கம் சொல்லாதீர்கள்.

எங்கள் கோப்பு இப்போது ஒரு கையெழுத்துக்காக நிற்கிறது. லண்டனில் இருக்கும் அண்ணன், "நான்கு பரப்பா? இரண்டு போதாதா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கொப்பியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். அவர் தொலைபேசி எடுக்கும்வரை மின்கட்டணத்தை நான் கட்டுகிறேன். சின்னம்மா மாதாமாதம் பற்றுச்சீட்டை அனுப்புகிறார், நான் கேட்காமலே.